முழங்கால் வலிக்காரர்களுக்குச் செம்பாறை தேசத்தில் எந்தச் சாலை?

யூட்டாவின் தென்பாதி, அரிசோனாவின் வடக்கு, நெவாடாவின் ஒரு மூலை. அமெரிக்காவின் செம்பாறை தேசம் என்பது ஏறக்குறைய இவ்வளவுதான். இதைப் பற்றி எங்கே தேடினாலும் முதலில் வருவது நடைப்பாதைகள். ஏஞ்சல்ஸ் லேண்டிங்கில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறு, நேரோஸில் ஆற்றுக்குள் இறங்கி நட, டெலிகேட் ஆர்ச்சுக்கு வெயிலில் மூன்று மைல் போய் வா. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப் போக நினைப்பவருக்கு இந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லை. கைக்குழந்தைக்காரர்கள், அறுவை சிகிச்சை முடிந்து தேறிவருபவர்கள், அப்புறம் நடப்பதில் ஆர்வமே இல்லாதவர்கள், எல்லோருக்கும் இதே சிக்கல்தான்.

நல்ல வேளை, இந்தப் பகுதியில் காருக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கக்கூடிய சாலைகள் நிறைய. ஆனால் எல்லாம் ஒன்றல்ல. இடம் எவ்வளவு அழகு என்று கேட்டுத் தேர்ந்தெடுத்தால் ஏமாற வாய்ப்பு அதிகம். கார் கதவைத் திறந்து எத்தனை அடி வைத்தால் காட்சி கிடைக்கும் என்று கேட்டால் வரிசையே மாறிவிடும். புகழில் முதலிடத்தில் இருப்பது கடைசிக்குப் போகும், பெயர் தெரியாத ஒரு நெடுஞ்சாலை மேலே வரும்.

கடைசிக்குப் போகும் அந்த இடம் சயான் தேசியப் பூங்கா. லாஸ் வேகஸிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் திட்டத்தில் எழுதுவார்கள். சயான் பள்ளத்தாக்குக்குள் போகும் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை பெரும்பாலான நாட்களில் சொந்தக் காருக்கு அனுமதி கிடையாது. பூங்காவின் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். வரிசையில் நின்று ஏறி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கி, மறுபடி நின்று ஏற வேண்டும். அதோடு, சயானை அடியிலிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். சுவர்கள் இரண்டாயிரம் அடிக்கு எழும்பி நிற்கின்றன. ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் கழுத்தை வளைத்தால்தான் உச்சி தெரியும். பள்ளத்தாக்குக்குள் இருக்கும் சயான் லாட்ஜில் அறை கிடைத்தால் அதுவரை காரிலேயே போக அனுமதிச் சீட்டு தருவார்கள். அறை கிடைப்பதுதான் கஷ்டம், பல மாதம் முன்பே தீர்ந்துவிடும்.

ஆனாலும் சயானை முழுதாகக் கழிக்க வேண்டாம். பூங்காவைக் குறுக்கே கடக்கும் சயான் - மவுண்ட் கார்மல் நெடுஞ்சாலையில் எல்லா நாளும் கார் ஓட்டலாம். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, 1930இல் திறந்த 1.1 மைல் சுரங்கத்துக்குள் நுழைவீர்கள். இருட்டில் போகும்போது பக்கச் சுவரில் வெட்டிய பெரிய ஜன்னல் ஒன்று வரும். ஒரு நொடி முழுப் பள்ளத்தாக்கும் வெளிச்சத்தில் தெரிந்து மறையும், மறுபடி இருட்டு. நிறுத்த அனுமதி இல்லை. அதனால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று பின் இருக்கையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சுரங்கம் தாண்டினால் பாறையின் முகமே வேறு. கட்டம் கட்டமாகக் கோடு விழுந்த செக்கர்போர்டு மேசா சாலையோரமே நிற்கும், பெரிய கொம்புக் காட்டு ஆடுகளும் அடிக்கடி கண்ணில் படும். இதே பூங்காவின் வடமேற்கு மூலையில், 15ஆம் எண் இன்டர்ஸ்டேட்டின் 40ஆம் வெளிவழியில் இறங்கினால் கோலோப் கேன்யன்ஸ் என்று ஐந்து மைல் சாலை. பேருந்து, வரிசை எதுவும் இல்லை. சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தினால் எதிரே செக்கச்செவேல் என்று விரல் விரலாகப் பாறைகள். நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய சயானைவிட இந்தச் சின்ன சயான் மேல்.

இனி மேலே வரும் நெடுஞ்சாலை. யூட்டாவின் 12ஆம் எண் சாலை பாங்குவிச்சுக்கு அருகில் தொடங்கி டோரி என்னும் சிற்றூரில் முடிகிறது, மொத்தம் சுமார் 124 மைல். நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரம். அப்படி ஓட்டுவதற்குப் பதில் வீட்டிலேயே இருக்கலாம். ஒரு பகல் முழுக்க ஒதுக்குங்கள், முடிந்தால் நடுவில் ஓர் இரவு தங்குங்கள்.

தொடக்கத்திலேயே ரெட் கேன்யனில் பாறையைக் குடைந்த இரண்டு வளைவுகளுக்குள் சாலை நுழைந்து போகிறது. கொஞ்ச தூரத்தில் பிரைஸ் கேன்யனுக்குப் பிரியும் வழி. என்னைக் கேட்டால் நடக்காதவர்களுக்காகவே அமைந்த பூங்கா இதுதான். காரணம் எளிது. சயானில் நீங்கள் கீழே நிற்கிறீர்கள், காட்சி மேலே இருக்கிறது. பிரைஸில் சாலை விளிம்பின் மேலேயே ஓடுகிறது, காட்சி காலடியில் கிடக்கிறது. சன்செட் பாயின்ட்டில் வண்டியை நிறுத்திச் சில நிமிடம் நடந்தால் கம்பித் தடுப்பு. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கில் ஹூடூ என்னும் கல்தூண்கள், ஆரஞ்சும் ரோஜா நிறமும் வெள்ளையுமாக. விரிசலுக்குள் இறங்கிய தண்ணீர் இரவில் உறைந்து விரிந்து, பகலில் உருகி, ஆண்டில் பாதி நாட்கள் இப்படியே பாறையைப் பிளந்து செதுக்கியவை இவை. அங்கிருந்து சன்ரைஸ் பாயின்ட் வரை அரை மைல் பாதை சமமாகப் போடப்பட்டிருக்கிறது, சக்கர நாற்காலி போகும், உட்கார பெஞ்சும் உண்டு. அரை மைலும் முடியாது என்றால் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த முனையில் காத்திருக்கலாம். இன்ஸ்பிரேஷன் பாயின்ட்டை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். தூரம் கொஞ்சம்தான், ஆனால் மேல் தளத்துக்கு ஏற்றம் செங்குத்து.

பிரைஸில் பலருக்குத் தெரியாத ஒரு உத்தி உண்டு. பூங்காவுக்குள் சாலை 18 மைல், தெற்கே ரெயின்போ பாயின்ட்டில் முடிகிறது. பார்வையிடங்கள் ஏறக்குறைய எல்லாமே கிழக்குப் பக்கம். போகும்போதே நிறுத்த ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் எதிர் வண்டிகளைக் கடந்து இடது பக்கம் திரும்ப வேண்டும். எங்கும் நிற்காமல் நேரே கடைசி வரை போய்விட்டு, திரும்பும்போது வலது பக்கமாக ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வாருங்கள். நேச்சுரல் பிரிட்ஜ் என்ற கல்வளைவை வாகன நிறுத்தத்தின் ஓரத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

குறை இல்லாமல் இல்லை. ரெயின்போ பாயின்ட் 9,115 அடி உயரம், அதாவது நம் தொட்டபெட்டாவைவிட மேலே. இதய நோயோ மூச்சுத் தொந்தரவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. கோடையிலும் காலையில் ஸ்வெட்டர் வேண்டும். ஏப்ரலில்கூடப் பனி கிடக்கும்.

பிரைஸைத் தாண்டியதும்தான் 12ஆம் எண் சாலையின் உண்மையான சொத்து தொடங்குகிறது. எஸ்கலான்டே ஊரைக் கடந்து சில மைலில் ஹெட் ஆஃப் தி ராக்ஸ் என்ற பார்வையிடம். காரிலிருந்து இறங்கக்கூட வேண்டாம். கண்ணுக்கெட்டிய தூரம் வெளிர்மஞ்சளும் செம்மையுமாகப் பாறை அலைகள், அவற்றுக்கு நடுவே நீங்கள் இறங்கப் போகும் சாலை நெளிந்து நெளிந்து தெரியும். கீழே எஸ்கலான்டே ஆற்றைக் கடந்து ஏறினால் ஹாக்பேக். ஒரு குன்றின் முதுகு, அதன் மேல் இரண்டு வழித் தார்ச்சாலை, இரண்டு பக்கமும் சரிவு, பல இடங்களில் தடுப்பும் இல்லை. சிலருக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த பகுதி இதுதான். உயரம் கண்டால் தலைசுற்றும் என்பவர்களுக்கு நரகம். அப்படி யாராவது வண்டியில் இருந்தால் நடு இருக்கையில் உட்கார வைத்து, பேச்சுக் கொடுத்தபடி கடந்துவிடுங்கள். சாலை என்னவோ நல்ல சாலைதான், மெதுவாகப் போனால் பயப்பட ஒன்றும் இல்லை.

அடுத்து வரும் போல்டர் என்ற ஊருக்கு 1930களில்கூடக் கோவேறு கழுதை முதுகில்தான் தபால் வந்தது. அங்கிருந்து சாலை 9,600 அடி வரை மலையேறுகிறது. பாறை மறைந்து ஆஸ்பென் மரங்கள் சூழ்கின்றன, செப்டம்பர் கடைசியில் அவை மஞ்சளாகிவிடும். பசுக்களும் மான்களும் சாலையில் நிற்கும் என்பதால் பொழுது சாய்வதற்குள் இந்த மலையைக் கடந்துவிடுவது நல்லது. போன் சிக்னலை நம்பாதீர்கள், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சைவச் சாப்பாட்டுக்கு இந்த ஊர்களில் பீட்சா, சாலட் தாண்டிப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. காரில் ஒரு டப்பா புளியோதரை இருந்தால் பயணத்தில் பாதிச் சண்டை வராது.

டோரிக்குப் பக்கத்தில் கேபிட்டல் ரீஃப். 24ஆம் எண் நெடுஞ்சாலை கட்டணம் இல்லாமலே பூங்காவின் ஊடாகப் போகிறது. பழங்கால ஃப்ரிமான்ட் மக்கள் பாறையில் செதுக்கிய உருவங்களைச் சாலையோர மரப்பலகைப் பாதையிலிருந்து பார்க்கலாம். 1880களில் குடியேறிய மார்மன் சமயத்தினர் நட்டு வளர்த்த பழத்தோட்டங்கள் இன்னும் காய்க்கின்றன. சீசனில் கிஃபோர்டு ஹவுஸில் விற்கும், பழம் வைத்துச் சுட்ட ‘பை’ (pie) பலகாரத்தை மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். கட்டணம் கட்டி உள்ளே போகும் எட்டு மைல் சாலையும் நன்று, ஆனால் பிரைஸ் பார்த்த கையோடு போனால் சுமாராகத்தான் தெரியும்.

கிழக்கே மோவாப் ஊரில் முடிவெடுப்பது கொஞ்சம் சிக்கல். ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்வளைவுகள், 18 மைல் நல்ல தார்ச்சாலை. பேலன்ஸ்டு ராக் சாலையிலிருந்தே தெரியும். அடியும் தலையும் சேர்த்து 128 அடி, எந்த நிமிடமும் விழுந்துவிடும் போலத் தலைக்கல். விண்டோஸ் பகுதியில் வாகன நிறுத்தத்திலிருந்தே பெரிய வளைவுகள் தெரியும். இதுவரை சரி. ஆனால் யூட்டா வண்டிகளின் நம்பர் பிளேட்டில் வரும் அந்த டெலிகேட் ஆர்ச்சைப் பார்க்காமல் திரும்ப யாருக்கும் மனம் வராது. நடக்காதவர்களுக்கென்று உள்ள கீழ்ப் பார்வையிடம் நிறுத்தத்திலிருந்து நூறு கெஜத்துக்குள்தான். வளைவோ அங்கிருந்து ஒரு மைல் தள்ளி, குன்றின் மேல் ஒரு சின்ன வளையமாகத் தெரியும். பைனாகுலர் இருந்தால் பரவாயில்லை, வெறுங்கண்ணால் பார்த்தால் ‘இதுக்குத்தானா?’ என்று ஒரு குரல் பின் இருக்கையிலிருந்து வரும். கூட்டமும் அதிகம். சில ஆண்டுகளில் நேரம் குறித்த முன்பதிவு கட்டாயமாக இருந்தது, முன்பதிவு இல்லாத காலத்தில் இடம் நிறைந்துவிட்டால் வாயிலை மூடியதும் உண்டு. போகும் முன் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோவாபில் ஒரே ஒரு இடம்தான் முடியும் என்றால் நான் ஆர்ச்சஸை விட்டுவிட்டு டெட் ஹார்ஸ் பாயின்ட்டைச் சொல்வேன். முக்கால் மணி நேரத் தூரத்தில் இருக்கும் மாநிலப் பூங்கா. தளம் போட்ட பாதையில் சில அடி நடந்தால் முனை. இரண்டாயிரம் அடிக்குக் கீழே கொலராடோ ஆறு ஒரு சிவப்புக் குன்றைச் சுற்றி வளைந்து திரும்பிப் போகிறது. முனையில் நிழல் கூடாரம் இருக்கிறது, அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். அதே சாலையில் போனால் கேன்யன்லாண்ட்ஸின் ஐலண்ட் இன் தி ஸ்கை பகுதி. அங்கே கிராண்ட் வியூ பாயின்ட்டும் நிறுத்தத்தை ஒட்டியே இருக்கிறது. மாலையில் மிச்ச நேரம் இருந்தால் மோவாபிலிருந்து ஆற்றோரமாகப் போகும் 128ஆம் எண் சாலையில் கொஞ்ச தூரம் போய்வாருங்கள், காசு செலவில்லை.

மான்யுமென்ட் வேலியில்தான் மிக நிதானமாக யோசிக்க வேண்டும். போட்டோவில் பார்த்தால் இதைவிடக் காருக்கு ஏற்ற இடம் இல்லை என்று தோன்றும். சமவெளியில் தனித்தனியாக நிற்கும் பெரும்பாறைகள், நடுவே வளையும் மண்சாலை. அந்த மண்சாலைதான் பிரச்சினை. 17 மைல் சுற்று, முழுக்கக் குண்டும் குழியும், மணலும், துருத்திய கல்லும். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். மோட்டார் சைக்கிளுக்கும், உள்ளேயே தங்கும் வசதியுள்ள பெரிய ஆர்.வி. வண்டிகளுக்கும் அனுமதி இல்லை. மழை பெய்தால் சேறு. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று ஒரு வரி இருக்கும், அங்கே சிக்கினால் இழுவை வண்டிச் செலவு முழுவதும் நம் தலையில். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான நவாஹோ வழிகாட்டிகளின் திறந்த ஜீப்பில் போனால் வண்டிக் கவலை இல்லை, தனியாருக்கு மூடிய பகுதிகளுக்கும் கூட்டிப் போவார்கள். ஆனால் தூக்கித் தூக்கிப் போடும், புழுதி பறக்கும். முதுகுத்தண்டு பிரச்சினை உள்ளவரையும் ஆஸ்துமாக்காரரையும் ஏற்றவே கூடாது.

அப்படியானால் மான்யுமென்ட் வேலியே வேண்டாமா? வேண்டும், சுற்றுச் சாலைதான் வேண்டாம். மிட்டன் என்று பெயர் பெற்ற இரண்டு பாறைகளும் பக்கத்திலுள்ள மெரிக் பியூட்டும் பார்வையாளர் மையத்தின் வாசலிலிருந்தே முழுதாகத் தெரிகின்றன. போஸ்டர்களில் வரும் காட்சியே அதுதான். ஒட்டியே நவாஹோ மக்களின் தி வியூ ஹோட்டல் இருக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சூரிய உதயம் அந்தப் பாறைகளுக்குப் பின்னாலிருந்து வரும். 163ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கேயிருந்து வரும் கடைசி மைல்களும் போதிய காட்சிதான். ‘ஃபாரஸ்ட் கம்ப்’ என்ற ஹாலிவுட் படத்தின் நாயகன் ஓடி ஓடி நின்ற இடம் என்பதால் 13ஆம் மைல்கல்லில் நடுச்சாலையில் நின்று படம் எடுப்பார்கள், நீங்கள் ஓரமாக எடுங்கள்.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். இது நவாஹோ நேஷன் நடத்தும் பூங்கா, 1958இலிருந்து. தேசியப் பூங்காக்களின் ஆண்டுச் சீட்டு இங்கே செல்லாது, ஆளுக்குத் தனிக் கட்டணம். அப்புறம் நேரம். கோடையில் அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவாஹோ நேஷன் மாற்றுகிறது. இரண்டு மணி நேரத் தூரத்தில் உள்ள அரிசோனா ஊரான பேஜில் தங்கியவர் ஒன்பது மணி ஜீப்புக்கு எட்டரைக்கு வந்து சேர்ந்தால் அங்கே ஒன்பதரை. பேஜ் என்றதும் ஹார்ஸ்ஷூ பெண்டைக் கேட்பீர்கள். நிறுத்தத்திலிருந்து போய்வர ஒன்றரை மைல், நிழல் சொற்பம். முழங்கால் வலிக்காரருக்கு டெட் ஹார்ஸ் பாயின்ட்டே அதற்கு மாற்று.

லாஸ் வேகஸுக்கு வந்த இடத்தில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் என்பவர்கள் இவ்வளவு தூரம் போகவே வேண்டாம். நகரத்தை ஒட்டிய ரெட் ராக் கேன்யனில் 13 மைல் ஒருவழிச் சாலை, அக்டோபர் முதல் மே வரை முன்பதிவு தேவை. பெயரில் சிவப்பு இருந்தாலும் கேலிகோ ஹில்ஸ் தாண்டினால் பெரும்பகுதி சாம்பல் மலைதான். ஒருவழி என்பதால் தவறவிட்ட இடத்துக்குத் திரும்பவும் முடியாது. அதைவிட வடகிழக்கே ஒரு மணி நேரத்தில் இருக்கும் வேலி ஆஃப் ஃபயர் பல மடங்கு மேல். டைனோசர் காலத்து மணல்மேடுகள் இறுகிக் கல்லான பாறை, அதில் உள்ள இரும்பு துருப்பிடித்த நிறம். வொயிட் டோம்ஸுக்குப் போகும் சாலை அந்தப் பாறைகளுக்கு நடுவே ஏறி இறங்கிப் போகும்போது ஒவ்வொரு மேட்டிலும் நிறம் மாறும். யானைப் பாறை சாலையிலிருந்தே தெரியும், தும்பிக்கை வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் போகாதீர்கள். 43 டிகிரிக்கு மேல் காயும், ஐந்து நிமிடம் இறங்குவதே ஆபத்து.

ஃபீனிக்ஸிலிருந்து கிளம்புபவர்களுக்கு செடோனா இரண்டு மணி நேரம். பாறைகளுக்கு நடுவிலேயே ஊர் இருப்பதால் சாப்பாடு, கழிவறை, மருந்துக்கடை எதற்கும் கவலை இல்லை. 179ஆம் எண் சாலையில் ஏழரை மைலுக்குள் பெல் ராக், கதீட்ரல் ராக் எல்லாம் வந்துவிடும். வார இறுதியில் அந்த ஏழரை மைலுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்படாதீர்கள். வயதானவர்களோடு முதல் முறை போகிறவர்களுக்குப் பத்திரமான தேர்வு. வெட்டவெளியின் பிரம்மாண்டம் வேண்டுமென்றால் இது போதாது.

நான்கு நாள் கையில் இருந்தால் நான் போடும் திட்டம் இது. வேகஸில் இறங்கி, கோலோப் கேன்யன்ஸ் பார்த்து, சயான் சுரங்கம் வழியாகப் பிரைஸ் போய் இரண்டு இரவு, பிறகு 12ஆம் எண் சாலையில் டோரி வரை போய் அங்கே ஓர் இரவு, மறுநாள் திரும்புதல். மோவாபும் மான்யுமென்ட் வேலியும் சேர்த்தால் இன்னும் மூன்று நாள் வேண்டும். மே கடைசியோ செப்டம்பர் இரண்டாம் பாதியோ சிறந்தது. ஓட்டுநர் ஒருவரே என்றால் அவர் ஒன்றையும் பார்க்க மாட்டார், லைசென்ஸ் உள்ள இன்னொருவரையும் வாடகை ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

கட்டணத்தில் 2026 முதல் ஒரு மாற்றம். அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதான அல்லது அதற்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் அதிகக் கூட்டம் வரும் 11 தேசியப் பூங்காக்களில் வழக்கமான நுழைவுக் கட்டணத்தோடு கூடுதலாக 100 டாலர். சயானும் பிரைஸும் அந்தப் பட்டியலில் உண்டு, ஆர்ச்சஸும் கேபிட்டல் ரீஃபும் இல்லை. ஊரிலிருந்து வந்த இருவரோடு சயான், பிரைஸ் இரண்டும் பார்ப்பதென்றால் வெளிநாட்டவருக்கான 250 டாலர் ஆண்டுச் சீட்டை அவர்களில் ஒருவர் பெயரில் வாங்குவதே லாபம். வாயிலில் பாஸ்போர்ட் கேட்கலாம், பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.